கருமணி விரியவில்லை

கால்நடை மருத்துவமனையின் கண் பிரிவில் வேலை பார்த்தவளுக்கு டார்ச் என்று பெயர் வைத்தது யார் என்று இப்போது யாருக்கும் நினைவில்லை. மேல்சட்டைப் பையில் எப்போதும் ஒரு பேனா டார்ச் செருகியிருக்கும். அதனால் வந்த பெயர். வாசல் காவலாளியிலிருந்து பெரிய டாக்டர் வரை அப்படித்தான் கூப்பிட்டார்கள். பத்தாம் வகுப்போடு நின்றவள்தான். ஆனால் ஒரு நாய் படியேறி வருகிற விதத்தைப் பார்த்தே அதற்குக் கண் தெரிகிறதா, எந்தக் கண் தெரியவில்லை என்று சொல்லிவிடுவாள். கழுத்தில் குழாயை மாட்டிக்கொண்டு அங்கே வந்து போனவர்களில் பாதி டாக்டர்களுக்கு அந்த வித்தை கடைசி வரை வரவில்லை.

இனப்பெருக்கத்துக்கு விடும் நாய்களுக்கு வருடத்துக்கு ஒரு முறை கண் பரிசோதனை செய்து சான்றிதழ் வாங்க வேண்டும். நாய் வளர்ப்போர் சங்கத்தின் விதி அது. கண்புரை, விழித்திரை தேய்ந்து போவது, இமை உள்பக்கம் சுருண்டு முடி விழியைக் குத்துவது இதெல்லாம் பல நாய் இனங்களில் பரம்பரையாக வருகிறவை. தகப்பனுக்கு இருந்தால் குட்டிகளுக்கும் வரலாம். தகப்பன் பேர்பெற்ற நாயாக இருந்துவிட்டால் ஊர் முழுக்க வரலாம்.

பரிசோதனை அன்று டார்ச் முதலில் நாயின் தோலுக்கடியில் அடையாளத்துக்காகப் பதித்திருக்கும் மின்னணுச் சில்லின் எண்ணைக் கருவியில் படித்து எழுதிக்கொள்வாள். பிறகு கருமணியை விரிக்கும் சொட்டு மருந்தை இரண்டு கண்ணிலும் விடுவாள். கருமணி என்பது கண்ணின் நடுவில் இருக்கும் கறுப்பு வட்டம், ஜன்னல் மாதிரி. அது முழுதாகத் திறந்தால்தான் உள்ளே ஓரத்தில் என்ன ஒளிந்திருக்கிறது என்று டாக்டர் பார்க்க முடியும். அரை மணி நேரம் கழித்து, வட்டங்கள் அச்சிட்ட ஒரு சின்ன அட்டையைக் கண்ணுக்குப் பக்கத்தில் பிடித்து, எத்தனை மில்லிமீட்டர் விரிந்திருக்கிறது என்று அளந்து பதிவேட்டில் எழுதுவாள். மருந்து விட்ட நேரம், அளந்த நேரம், அளவு. கீழே அவள் கையெழுத்து. அதற்கும் கீழே டாக்டர் தன் பங்கை எழுதுவார். பதினோரு வருடத்தில் அவள் எழுதிய பகுதியில் ஒரு எழுத்துகூட அடித்துத் திருத்தியதாக இருக்காது.

செவ்வாய்க்கிழமை தோறும் வருகிற வளர்ப்போர் கூட்டத்தை அவள் என்ன மதிப்பில் வைத்திருந்தாள் என்பது அவள் உதட்டோரத்தைப் பார்த்தாலே தெரியும். நாயின் வால் எந்தக் கோணத்தில் நிற்க வேண்டும், காது எங்கே மடிய வேண்டும் என்று மணிக்கணக்கில் வாதாடுவார்கள். கண்ணைப் பற்றிக் கேட்டால் நிறத்தைச் சொல்வார்கள். அது பார்க்கிறதா இல்லையா என்பது அவர்களுக்கு அடுத்த விஷயம்.

"குட்டி போடுறதுக்குக் கண்ணு எதுக்கும்மா?" என்று ஒருவர் அவளிடமே கேட்டுவிட்டுச் சிரித்திருக்கிறார்.

"தேவையில்லதான் சார். மூளைகூடத் தேவையில்ல. தினமும் எத்தனை பேரைப் பாக்குறோம்" என்றாள் டார்ச். அவர் அதற்கும் சேர்த்துச் சிரித்தார்.

இந்தக் கூட்டத்தின் தலைவர் கோப்பைக்காரர். கண்காட்சிகளில் வாங்கிய கோப்பைகள் வீட்டில் இடம் போதாமல் காரின் பின் கண்ணாடி ஓரத்தில் இரண்டு உட்கார்ந்திருக்கும். கார் பள்ளத்தில் இறங்கினால் கலகலவென்று சத்தம் கேட்கும். மருத்துவமனை நிர்வாகக் குழுவிலும் அவர் உறுப்பினர். விலங்குகள் மேல் அன்பு கொண்ட பொதுமக்களில் ஒருவர் என்று குழுவில் ஒரு நாற்காலி உண்டு. அதில்தான் உட்கார்ந்திருந்தார். அந்த நாற்காலி என்ன பாவம் செய்ததோ.

அந்த வாரம் வியாழக்கிழமை குழு கூட இருந்தது. டார்ச்சை நிரந்தர ஊழியராக்கும் தீர்மானம் நான்காவது முறையாக அதன் முன் வருகிறது. தற்காலிக ஊழியர் என்றால் ஆறு மாதத்துக்கு ஒரு முறை மறு உத்தரவு வர வேண்டும். வராவிட்டால் மறுநாள் வர வேண்டாம். நாற்பத்தைந்து வயது தாண்டியவரை நிரந்தரமாக்க விதியில் இடமில்லை. அவளுக்கு நாற்பத்தைந்து முடிய மூன்று மாதம் இருந்தது. குழுவோ நான்கு மாதத்துக்கு ஒரு முறைதான் கூடும். அதாவது இந்த வியாழக்கிழமையை விட்டால் பிறகு எப்போதும் இல்லை.

அதற்கு இரண்டு நாள் முன்னால், செவ்வாய்க்கிழமை காலை ஒன்பதரைக்கு, கோப்பைக்காரர் மேஜரைக் கூட்டிக்கொண்டு வந்தார்.

மேஜர் நல்ல நாய். ஐந்து வயது, அடர்ந்த முடி, பெரிய தலை. யார் கையை நீட்டினாலும் நக்கிவிட்டு உட்கார்ந்துகொள்ளும். அதன் குட்டிகள் அறுபதுக்கு மேல் பல வீடுகளில் வளர்ந்துகொண்டிருந்தன. போன வருடம் பெரிய டாக்டர் அதன் ஏட்டில் ஒரு குறிப்பு எழுதியிருந்தார்: இடது கண் லென்ஸின் ஓரத்தில் சிறு வெள்ளைப் புள்ளி, அடுத்த முறை கவனிக்கவும். இப்போது பெரிய டாக்டர் விடுப்பில் இருந்தார். வெள்ளிக்கிழமைதான் வருவார். கோப்பைக்காரர் ஏன் இந்தச் செவ்வாயைப் பார்த்து வந்தார் என்பதற்குப் பெரிய ஆராய்ச்சி தேவையில்லை. பொறுப்பில் இருந்தவர் சின்ன டாக்டர். சேர்ந்து எட்டு மாதம். கையெழுத்து அழகாகப் போடுவார். எதற்குக் கீழே போடுகிறோம் என்று பார்க்கிற பழக்கம் மட்டும் இல்லை.

"சீக்கிரம் முடிச்சு விடும்மா. காலையிலேருந்து புருவத்துக்கு மேல ஒரே குத்தல்" என்று கோப்பைக்காரர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார்.

டார்ச் சில்லின் எண்ணைச் சரிபார்த்தாள். சரியான நாய்தான். இருட்டறைக்குள் கூட்டிப்போய்க் கதவைச் சாத்தினாள். இருட்டில் எந்தப் பிராணிக்கும் கருமணி தானாகவே அகலும். மேஜருக்கு அகலவில்லை. இரண்டு கண்ணிலும் கடுகு அளவுக்கு ஒரு புள்ளி, அவ்வளவுதான்.

"கண்ணுல ஏதாவது மருந்து விட்டீங்களா சார்?"

"மருந்தா? எதுக்கு? சிங்கம் மாதிரி இருக்கான் பாரு."

"சிங்கத்துக்கும் இருட்டுல கருமணி விரியும் சார்."

"உனக்கு வாய் ஜாஸ்திம்மா. சொட்டு மருந்தை விடு."

விட்டாள். ஒன்பது நாற்பது. பத்து பத்துக்கு அட்டையை வைத்து அளந்தாள்: இரண்டு மில்லிமீட்டர். மறுபடி விட்டாள். பத்து நாற்பதுக்கும் இரண்டு. மறுபடி. பதினொன்று பத்துக்கும் அதே இரண்டு. வழக்கமாக முதல் சொட்டிலேயே பத்து மில்லிமீட்டருக்கு மேல் போய்விடும்.

"ஏம்மா, உள்ள வெள்ளையா ஏதாவது தெரியுதா?" என்றார் கோப்பைக்காரர்.

"இந்த ஓட்டை வழியா ஒண்ணுமே தெரியல சார்."

"தெரியலைல்ல? அப்போ நார்மல்னு எழுது."

"கதவைச் சாத்திட்டு, வீட்டுக்குள்ள யாருமே இல்லைன்னு எழுதுற மாதிரி இருக்கும் சார்."

அவருக்குக் கோபம் வந்துவிட்டது. டாக்டரைப் பார்க்கிறேன் என்று எழுந்தார். இரண்டு அடி வைப்பதற்குள் முக்காலியில் முட்டிக்கொண்டார். அதிலிருந்து தப்பிப் பக்கத்து அலமாரியில் தோளை இடித்துக்கொண்டார். "என்ன எழவு அறை இது, ஒண்ணும் தெரியல, லைட்டைப் போடும்மா!" என்று கத்தினார். அதே அறையில் டார்ச் ஒரு மூலையிலிருந்து இன்னொரு மூலைக்கு ஒன்றரை மணி நேரமாக எதிலும் இடிக்காமல் நடந்துகொண்டிருந்தாள்.

விளக்கைப் போடப் போனவள் போடவில்லை. பேனா டார்ச்சை எடுத்துச் சுவரின் மேல் வெளிச்சம் அடித்தாள். சுவரில் பட்டுத் திரும்பிய மங்கலான வெளிச்சத்தில் கோப்பைக்காரரின் முகம் தெரிந்தது. இடது கண்ணின் கருமணி இருட்டுக்கு ஏற்ற மாதிரி அகன்றிருந்தது. வலது கண்ணில் கடுகு அளவுக்கு ஒரு புள்ளி.

டார்ச்சுக்குச் சிரிப்பு தொண்டை வரை வந்தது. விழுங்கிக்கொண்டாள். மனிதர்களுக்குக் கண் அழுத்த நோய்க்குக் கொடுக்கிற ஒரு சொட்டு மருந்து உண்டு. கருமணியைச் சுருக்கிவிடும். பழக்கமில்லாதவருக்குப் புருவத்துக்கு மேலே வலிக்கும். அதை நாயின் கண்ணில் விட்டால் ஜன்னல் சாத்திக்கொள்ளும். ஓரத்தில் இருக்கும் புரை மறைந்துவிடும். காலையில் வீட்டில் மேஜர் தலையை உதறியிருக்கும். மருந்து எஜமானரின் விரலில் பட்டிருக்கும். எஜமானர் அதே விரலால் தன் கண்ணைத் துடைத்துக்கொண்டிருப்பார்.

"உங்க வீட்டுல யாருக்காவது கண் அழுத்தம் இருக்கா சார்?" என்றாள் ஒன்றும் தெரியாதவள் மாதிரி.

"என் மாமியாருக்கு. ஏன்?"

"சும்மாதான் கேட்டேன்."

கேட்டபோது யோசிக்காமல் பதில் சொன்னவருக்குச் சொன்ன பிறகு யோசனை வந்தது. மாமியாரின் மருந்தைத் திருடி நாய்க்கு விட்டு, மிச்சத்தைத் தனக்கும் விட்டுக்கொண்டு, அதோடு நேராகக் கண் பிரிவுக்கே வந்து நிற்கிற மனிதரை உலகத்தில் வேறு எங்கே தேடினாலும் கிடைக்காது. இந்த மூளையை வைத்துக்கொண்டுதான் எந்த நாய்க்கும் எந்த நாய்க்கும் பொருத்தம் என்று அவர் முடிவு செய்துகொண்டிருந்தார்.

டார்ச் பதிவேட்டை எடுத்து மூன்று நேரங்களையும் மூன்று அளவுகளையும் எழுதினாள். கடைசியில் இப்படி எழுதினாள்: "மூன்று முறை மருந்து விட்டும் கருமணி விரியவில்லை. பரிசோதிக்க இயலாது. மருத்துவமனையிலேயே இரண்டு நாள் வைத்திருந்து மறுபடி பரிசோதிக்க வேண்டும்." கையெழுத்துப் போட்டாள். எஜமானரின் கண்ணைப் பற்றி ஒன்றும் எழுதவில்லை. அந்தப் பதிவேடு நாய்களுக்கானது.

சின்ன டாக்டர் வந்தார். கோப்பைக்காரர் அவர் தோளில் கை போட்டு, அடுத்த கண்காட்சிக்குச் சிறப்பு விருந்தினராக வர வேண்டும் என்று பேசிக்கொண்டே பதிவேட்டைத் தள்ளினார். டாக்டர் வெட்கப்பட்டார், மறுத்தார், ஒப்புக்கொண்டார், நடுவில் அழகாகக் கையெழுத்தும் போட்டார். ஒரு வரியும் படிக்கவில்லை. சான்றிதழ் தட்டச்சு செய்கிற அம்மாள்தான் முதலில் படித்தார். "பரிசோதிக்க இயலாதுன்னு டாக்டரே கையெழுத்துப் போட்டிருக்காரு. நான் இதுல எதை அடிக்கிறது?" என்று பதிவேட்டைத் திருப்பி வைத்துவிட்டார்.

மத்தியானம் கண்காணிப்பாளர் டார்ச்சைக் கூப்பிட்டனுப்பினார். நல்லவர் என்று பேர் எடுத்தவர். யாரையும் பகைக்காததால் வந்த பேர்.

"என்னம்மா, ஒரு வரிதானே. அவருக்கு மனசு கஷ்டமா இருக்குதாம்."

"அவருக்குக் கண்ணும் கஷ்டமா இருக்கு சார். டாக்டரைப் பாக்கச் சொல்லுங்க."

"விளையாடாத. வியாழக்கிழமை கூட்டத்துல யார் யார் உக்காருவாங்கன்னு தெரியும்ல?"

"தெரியும் சார்."

"அப்புறம் என்ன? இந்தப் பக்கத்தை எடுத்துடுவோம். புதுப் பக்கத்துல நீ பத்து மில்லிமீட்டர்னு எழுது, டாக்டர் நார்மல்னு எழுதுவாரு. வரிசை எண்ணை நான் பாத்துக்கறேன். உன் விஷயமும் நல்லபடியா முடியும். உன் நல்லதுக்குத்தான் சொல்றேன். காலையில யோசிச்சுட்டு வா."

வீட்டில் அக்கா தையல் இயந்திரத்தில் சட்டைக் கழுத்துகளை வரிசையாகத் தைத்துப் போட்டுக்கொண்டிருந்தாள். டார்ச் எதிரில் தரையில் உட்கார்ந்து, நூல் துண்டுகளைப் பொறுக்கிக்கொண்டே எல்லாவற்றையும் சொன்னாள். முக்காலியில் முட்டிக்கொண்ட இடத்தில் அக்கா இயந்திரத்தை நிறுத்திவிட்டுச் சிரித்தாள்.

"எழுதிக் குடுத்துடலாமான்னு இருக்குக்கா."

"எழுதிக் குடு. அப்படியே அந்த ஆளோட மாமியாருக்கும் ஒரு சர்டிபிகேட் போட்டுக் குடு, பாவம் மருந்து இல்லாம உக்காந்திருப்பாங்க."

"நீ சிரிக்கிற. இந்த வியாழக்கிழமை போச்சுன்னா அவ்வளவுதான். அடுத்த தடவை வயசு தாண்டிடும்."

"தெரியும்டி. பதினோரு வருஷமா இந்த ஒரு கதையத்தானே கேக்குறேன். வேலை போச்சுன்னா இங்க வந்து பட்டன் தை." அக்கா சற்று யோசித்தாள். "வேண்டாம். நீ தைச்ச பட்டன் ஒரு வாரம் தாங்காது. நான் வேற ஏதாவது யோசிக்கிறேன்."

டார்ச்சுக்குச் சிரிப்பு வரவில்லை. ஆறு மாதத்துக்கு ஒரு முறை கடைசி வாரத்தில் உத்தரவு வருமா என்று அலுவலக வாசலில் நின்றது, காய்ச்சலோடு நாய்களைத் தூக்கி மேசையில் வைத்தது எல்லாம் நினைவுக்கு வந்தது. பத்து என்று எழுத இரண்டே இலக்கம்தான் வேண்டும். ஆனால் பத்து என்று எழுதினால், அவளுடைய அட்டையை இனி யாரும் நம்ப வேண்டியதில்லை. முக்கியமாக அவளே நம்ப முடியாது. அதற்குப் பிறகு நிரந்தரமாக அங்கே உட்கார்ந்து எதை அளப்பது?

புதன்கிழமை காலையில் கண்காணிப்பாளரின் மேசைக்கு முன்னால் நின்று சொல்லிவிட்டாள். "நான் புதுப் பக்கத்துல எழுத மாட்டேன் சார். வேற யாரை வேணா வச்சு எழுதிக்குங்க."

"உனக்கு நல்லது சொல்ல வந்தேன் பாரு" என்றார் அவர். "சரி. வார்டு ஊழியரை எழுதச் சொல்றேன். டாக்டர் கையெழுத்துப் போட்டா போதும்."

சின்ன டாக்டர் வந்தார். தான் நேற்று எதற்குக் கீழே கையெழுத்துப் போட்டோம் என்பதை அப்போதுதான் முதன்முதலாகப் படித்தார். படிக்கப் படிக்க அவர் நெற்றி பளபளத்தது.

"அதே நாய், அதே தேதி, ரெண்டு பக்கம். ஒண்ணுல பரிசோதிக்க முடியலைன்னு நான் கையெழுத்துப் போட்டிருக்கேன். இன்னொண்ணுல நார்மல்னு போடணுமா?"

"முதல் பக்கம்தான் இருக்காதே" என்றார் கண்காணிப்பாளர்.

"இதுக்கு நகல் யாராவது வச்சிருந்தா? நாளைக்கு ஒரு குட்டிக்குக் கண்ணு போய், யாராவது கேஸ் போட்டா? என் டாக்டர் பதிவையே ரத்து பண்ணிடுவாங்க சார்!"

"நகல் யாரு வச்சிருக்கப் போறா?"

இரண்டு பேரும் ஒரே நேரத்தில் டார்ச்சைப் பார்த்தார்கள். அவளிடம் நகல் எதுவும் இல்லை. அவளிடம் யாரும் கேட்கவும் இல்லை. அவள் எதிர்ச் சுவரில் இருந்த நாட்காட்டியைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"நான் போட மாட்டேன்" என்றார் சின்ன டாக்டர். "அவங்க என்ன எழுதியிருக்காங்களோ அதுதான். நாயை வார்டுல சேருங்க." எட்டு மாதத்தில் அவர் எடுத்த முதல் முடிவு அது. தைரியம் அவரிடமிருந்து வரும் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை, வரவும் இல்லை. வந்தது பயம். அந்தக் கட்டிடத்தில் நல்ல காரியங்கள் பெரும்பாலும் அப்படித்தான் நடந்தன.

சான்றிதழ் இல்லாமல் மேஜரை எந்தப் பெண் நாயோடும் சேர்க்கச் சங்கம் அனுமதிக்காது. வேறு வழியில்லாமல் கோப்பைக்காரர் அன்று மாலைக்குள் நாயைக் கொண்டுவந்து வார்டில் விட்டார். நகல் என்ற வார்த்தையைக் கண்காணிப்பாளர் அவர் காதிலும் போட்டிருக்க வேண்டும். டார்ச்சைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டு, காவலாளியிடம் நாயின் சாப்பாட்டைப் பற்றி ஐந்து நிமிடம் பேசினார். காவலாளிக்கும் சாப்பாட்டுக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது.

வியாழக்கிழமை குழு கூடியது. டார்ச் இருட்டறையில் கண்ணாடிகளைத் துடைத்துக்கொண்டிருந்தாள். துடைத்ததையே மறுபடி துடைத்தாள். கோப்பைக்காரர் வந்து எதிர்த்தால் தீர்மானம் விழும்; ஒரே ஒரு உறுப்பினர் ஆட்சேபித்தாலும் தள்ளி வைப்பது அவர்கள் வழக்கம். ஆனால் எதிர்த்தால் ஏன் என்று கேட்பார்கள். ஏன் என்று கேட்டால் பதிவேடு வரும். பதிவேடு வந்தால் மாமியாரும் வருவார்.

கோப்பைக்காரர் வரவில்லை. கண் வலி என்று சொல்லி அனுப்பியிருந்தார். அந்த மருந்தின் வேகம் ஒரு நாளில் இறங்கிவிடும் என்று டார்ச்சுக்குத் தெரியும். மற்ற உறுப்பினர்கள் சுற்றுச்சுவருக்கு எந்த நிறம் அடிப்பது என்று முக்கால் மணி நேரம் பேசினார்கள். அடுத்து அவள் தீர்மானம். யாரும் ஒன்றும் சொல்லாததால் ஒரு நிமிடத்தில் நிறைவேறியது. அதற்கடுத்துத் தண்ணீர்த் தொட்டி மூடி. பதினோரு வருடமாக அவளை வெளியே நிற்க வைத்தது அந்த ஒரு நிமிடம்தான்.

வெள்ளிக்கிழமை பெரிய டாக்டர் வந்தார். டார்ச் மேஜருக்கு மருந்து விட்டாள். அரை மணியில் பதினொரு மில்லிமீட்டர். டாக்டர் தலையில் விளக்கை மாட்டிக்கொண்டு குனிந்தார். இடது கண்ணில் போன வருடப் புள்ளி சக்கரத்தின் ஆரக்கால்களைப் போல மூன்று வெள்ளைக் கோடுகளாக உள்நோக்கி வளர்ந்திருந்தது. வலது கண்ணிலும் ஆரம்பித்திருந்தது.

"பரம்பரைக் கண்புரை. இனி இதை இனப்பெருக்கத்துக்கு விடக் கூடாது. குட்டி வாங்கினவங்க எல்லாருக்கும் சொல்லி அனுப்புங்க, கண்ணைக் காட்டணும்" என்றார்.

"போன வருஷம் இல்லையே டாக்டர்!" என்றார் நாயைக் கூட்டிப்போக வந்திருந்த கோப்பைக்காரர்.

"போன வருஷமே எழுதியிருக்கேன். படிச்சீங்களா?"

படித்திருந்தார். அதுதானே விஷயம். நாயை இழுத்துக்கொண்டு போனார். மேஜர் மட்டும் வாசல் வரை திரும்பித் திரும்பிப் பார்த்து வாலை ஆட்டியது. மருத்துவமனை விளக்கே கோளாறு, நல்ல நாய்க்கும் புரை காட்டுகிறது என்று அவர் வளர்ப்போர் கூட்டத்தில் சொல்லிக்கொண்டிருப்பதாக அடுத்த செவ்வாய்க்கிழமை நாலு பேர் வந்து சொன்னார்கள். அந்த நாலு பேரும் அதை நம்பினார்கள்.

திங்கட்கிழமை உத்தரவு கைக்கு வந்தது. தட்டச்சு அம்மாள் கைகொடுத்தார். காவலாளி எழுந்து நின்று சல்யூட் வைத்தார். டார்ச் ஜன்னல் பக்கமாகப் போய், விரலை ஒவ்வொரு வரிக்கும் கீழே வைத்து, முத்திரையிலிருந்து முத்திரை வரை படித்தாள். மறுபடி ஒரு முறை படித்தாள். பிறகு நேராகக் கண்காணிப்பாளர் அறைக்குப் போனாள்.

"சார், நான் வேலைக்குச் சேர்ந்த வருஷம் தப்பா இருக்கு. பத்து வருஷம்னு வருது. பதினோரு வருஷம்."

"ஐயோ, கிடைச்சதே பெரிசும்மா. இதெல்லாம் யாரு பாக்கப் போறா?"

"நான் பாத்துட்டேனே சார்."

உத்தரவை அவர் மேசையில் வைத்துவிட்டு வெளியே வந்தாள். திருத்திய உத்தரவு வரப் பத்தொன்பது நாள் ஆயிற்று. அது வரை தற்காலிக ஊழியர் வருகைப் பதிவேட்டிலேயே கையெழுத்துப் போட்டாள்.